அதிரும் வாளும் பன்றித் தோலும்

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பெட்டிமேல் என்ன அச்சடித்திருந்தாலும் அது வேதம். மெழுகுவத்திப் பெட்டியில் நாற்பது மணி நேரம் எரியும் என்று போட்டிருக்கிறது. எவன் நாற்பது மணி நேரம் உட்கார்ந்து பார்த்தான்? யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் தானே நிற்கும் கார் வாங்கினான். அது தானே போய் என் வேலியில் நின்றது. அப்போதும் அவன் வேலியைப் பார்க்கவில்லை, காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான், அதில் அப்படி இல்லையே என்று.

இருக்கிற பொருளை நம்பி ஏமாறுவதாவது பரவாயில்லை. என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வளர்ந்த மனிதர்கள் உட்கார்ந்து, இல்லாத பொருளைப் பற்றி அச்சடித்ததை நம்புகிறார்கள்.

என் மனைவி லிஸ்ஸி தபால் ஆபீஸ் கவுண்டரிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இரண்டு குளிர்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னல் போட்டாள். எனக்கு இருந்த கழுத்து ஒன்று, அதற்குப் பதினொரு கம்பளிக் கழுத்துப்பட்டி. பிறகு எங்கள் ஊரான ஹோர்சென்ஸின் நூலகத்தில் ஏதோ விளையாட்டு விளம்பரம் பார்த்துவிட்டுப் போனாள். போனவள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒன்பது வருஷமாக அவர்கள் போகவில்லை.

விளையாட்டு இதுதான். ஒவ்வொருவரும் ஒரு காகிதத்தில் ஓர் ஆளை எழுதிக்கொள்கிறார்கள். அந்த ஆள் எவ்வளவு பலசாலி, பையில் என்ன இருக்கிறது, எல்லாம். விண்வெளியில் ஒரு கப்பலில் அவர்கள் சுற்றுகிறார்கள். ரூனே என்கிறவன் கதையை நடத்துவான். நாற்பது வயது, நகராட்சியில் குப்பை வண்டிகளுக்கு நேரம் போடுகிற வேலை. ஓர் அட்டையை முன்னால் நிறுத்திக்கொண்டு அதன் பின்னாலிருந்து, "உங்க முன்னாடி ஒரு கதவு இருக்கு" என்பான். இவர்கள் "திறக்கிறோம்" என்பார்கள். திறந்ததா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். என் வீட்டுக் கதவுகள் எல்லாம் இழுத்தால் திறக்கின்றன.

அவர்களுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. அவற்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அன்றைக்கு நடந்தது புரியாது.

முதல் சட்டம், வாயால் சொல்லாதது நடக்கவில்லை. டோர்பென் என்று ஒருவன், மேல்நிலைப்பள்ளியில் இயற்பியல் வாத்தியார். ஒரு தடவை அவனுடைய ஆள் பனிக் கிரகத்தில் இறங்கினான். பூட்ஸ் போட்டுக்கொண்டேன் என்று சொல்ல டோர்பென் மறந்துவிட்டான். அவ்வளவுதான், வெறும் சாக்ஸோடு நின்றான் அவன் ஆள். இரண்டு விரல் போய்விட்டது. டோர்பென் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

இரண்டாவது கதவுச் சட்டம். சண்டை தீராவிட்டால், ஆடாதவன் எவன் முதலில் கதவைத் தாண்டி உள்ளே வருகிறானோ அவன் சொல்வதுதான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. அந்த ஆடாதவன் பெரும்பாலும் நான்தான். ஒரு நாள் காப்பிக் குடுவையோடு போனவனைப் பிடித்துக்கொண்டு, விண்கப்பல் சத்தம் போடாமல் பின்னால் வர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது, பின்னால் வருகிற வண்டி பீப் பீப் என்று கத்தவேண்டும், அதுதான் விதி என்றேன். அன்றிலிருந்து அவர்கள் உலகத்தில் எல்லாக் கப்பலும் பின்னால் வரும்போது கத்துகிறது. அதனால் ஒரு முற்றுகையில் தோற்றார்கள் என்று கேள்வி. அதற்குப் பிறகு உள்ளே வாக்குவாதம் கேட்டால் நான் சமையலறையை விட்டு நகர்வதில்லை.

அன்றைக்கு மதியத்திலிருந்தே வாக்குவாதம். நான் சமையலறையில் பன்றி வறுவலுக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். தோலோடு இருக்கிற பெரிய துண்டு. தோலைச் சின்னச் சின்னக் கோடாகக் கீறி, கொழுப்புவரை போய், இறைச்சியைத் தொடாமல் நிறுத்தி, ஒவ்வொரு கோட்டிலும் உப்பைத் தேய்க்கவேண்டும். அப்போதுதான் தோல் மொறுமொறுவென்று உப்பி வரும். மற்றதெல்லாம் லிஸ்ஸி செய்வாள், கீறுவது மட்டும் என் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நின்றவன் நான். அதற்கென்று என் கத்தி ஒன்று வைத்திருக்கிறேன்.

கத்தியைக் காணோம்.

இழுப்பறையில் இல்லை, தொட்டியில் இல்லை. யோசித்துப் பார்த்தேன். லிஸ்ஸி கேக் வெட்டவேண்டும் என்று எடுத்துப் போனாள். சாப்பாட்டு அறையில் இருக்கிறது. உள்ளே டோர்பென் குரல் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அடுப்பு சூடாகிவிட்டது. விருந்தாளிகளும் ஆறு மணிக்குச் சாப்பாடு என்றால் ஆறு மணிக்குத் தட்டைப் பார்ப்பவர்கள். சரி, கத்தியை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிடலாம் என்று கதவைத் திறந்தேன்.

நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கதவு," என்றான் ரூனே.

"கத்தி எடுக்க வந்தேன்," என்றேன்.

"எதுக்கு வந்தாலும் வந்தாச்சு. உக்காருங்க நீதிபதி ஐயா."

மேசைமேல் கேக் இருந்தது. பேக்கரியிலேயே துண்டு போட்டு, துண்டுக்கு நடுவில் காகிதம் வைத்துக் கொடுத்த கேக். பக்கத்தில் என் கத்தி, சுத்தமாக, ஒரு துணுக்குக்கூட ஒட்டாமல். நான் லிஸ்ஸியைப் பார்த்தேன். அவள் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நியாயமில்ல," என்றாள் சிக்னெ. அவள் பல் டாக்டர், எல்லோரையும்விடச் சின்னவள். "புருஷன் பொண்டாட்டிக்குத்தான் தீர்ப்பு சொல்வாரு."

"எகோனா?" என்றான் டோர்பென். "நாம எழுந்து போனா இந்த ரூம்ல ஹேண்ட்பால் பாக்கலாம்னு ஒன்பது வருஷமா காத்துக்கிட்டிருக்கான். லிஸ்ஸியோட ஆள் செத்தா முதல்ல கைதட்டறது அவன்தான்."

அதில் பொய்யில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

விஷயத்தை ரூனே சொன்னான். லிஸ்ஸியின் ஆள் பெயர் கேப்டன் ஸோரா. ஒன்பது வருஷமாக அதே ஸோரா. அவளை ஒரு கடற்கொள்ளைக்காரன், விண்வெளிக் கடலில்தான், வாளால் வெட்டிவிட்டான். ரூனே உருட்டிய இருபது முகப் பகடையில் இருபது விழுந்திருக்கிறது. அதற்குமேல் எண்ணே இல்லை. ஸோராவின் கழுத்தைச் சுற்றியிருந்த கவசப் பட்டை போய்விட்டது.

"கழுத்தும் போயிருச்சு," என்றான் ரூனே. "எனக்கும் வருத்தம்தான் லிஸ்ஸி. ஆனா ஸோரா செத்துட்டா."

"பட்டை போச்சு, ஒத்துக்கறேன். கழுத்து போகல."

"ஆள் செத்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான்.

"காகிதத்தக் கிழிச்சுட்டு, புது ஆள் எழுதணும்," என்றாள் சிக்னெ. "முதல் படியிலேர்ந்து."

"நான் எழுதமாட்டேன்," என்றாள் லிஸ்ஸி. "எழுபத்திரண்டு வயசுல ஒண்ணுமே தெரியாத சின்னப் பொண்ணை வச்சுக்கிட்டு மறுபடியும் எலி அடிக்கப் போகமாட்டேன். சர்ச் பாட்டுக்குழுவுல சேந்துடுவேன்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. மேசையில் மற்ற மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது. டோர்பென் தொண்டையைச் செருமிக்கொண்டான். எனக்குப் பாட்டுக்குழுவைப் பற்றித் தெரியும். என் அக்கா அதில் இருக்கிறாள். ஒத்திகை முடிந்து வந்தால் யார் யார் சுருதி தப்பினார்கள் என்று மூன்று நாள் சொல்வாள். லிஸ்ஸி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாத்திரம் கழுவும்போது யாரை எப்படிச் சுட்டாள் என்று சிரித்துச் சிரித்துச் சொல்வாள். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் கேட்க முடிகிறது. மேலும், கழுத்துப்பட்டி வைக்க அலமாரியில் இடமில்லை.

"அது என்ன வாளு?" என்றேன்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். டோர்பென் கையை உயர்த்தி மற்றவர்களை அடக்கினான், வகுப்பில் செய்வதுபோல.

"இந்த விளையாட்டோட விதிப் புத்தகத்துல மூணு வகை வாள் இருக்கு எகோன். ஒண்ணு, ஒரே ஒரு அணு கனம் உள்ள விளிம்பு. எதையும் வெட்டும்ங்கிறாங்க. அது நடக்காது. ஒரு வெட்டுக்கு மேல அந்த விளிம்பு நிக்காது, காத்து பட்டாலே கெட்டுடும்."

"அது சரி," என்றேன். எவ்வளவு கூரோ அவ்வளவு சீக்கிரம் மழுங்கும். இதற்கு அணு வேண்டாம்.

"ரெண்டாவது நெருப்பு வாள். அந்தச் சூட்டுல பிடிச்சிருக்கிறவன் கைதான் முதல்ல வேகும். மூணாவது இது. அதிரும் வாள். நொடிக்கு நாப்பதாயிரம் தடவை அதிரும். இதுக்கு மட்டும் அறிவியல்ல கொஞ்சம் இடம் இருக்கு."

"கொஞ்சமா?" என்றாள் சிக்னெ. "தினமும் என் கையில இருக்கு. பல் மேல கல்லு மாதிரி கறை பிடிச்சிருக்கும்ல, அதை எடுக்கிற கருவி அப்படித்தான் அதிருது. கல்லு உடைஞ்சு விழும். ஈறுக்கு ஒண்ணும் ஆகாது. கெட்டியா இருக்கிறது உடையும், மெத்துன்னு இருக்கிறது தப்பிக்கும்."

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றாள் லிஸ்ஸி. "கவசம் கெட்டி. கழுத்து மெத்துன்னு இருக்கு. ஸோரா உயிரோட இருக்கா."

"ஈறு வேற, கழுத்து வேற," என்றான் டோர்பென். "வாள் ஒரு மீட்டர் நீளம் லிஸ்ஸி. அதிர்ந்தாலும் அதிராட்டியும் ஓங்கி வீசினா வெட்டத்தானே செய்யும்."

எனக்கு அவன் சொன்னதுதான் சரியாகப் பட்டது. ஆனால் ரூனே புத்தகத்தைத் திறந்து வாசித்தான். விளிம்பு கூர் கிடையாது, உறையில்லாமல் இடுப்பில் செருகலாம், வெட்டுவது அதிர்வு மட்டுமே. அப்படிப் போட்டிருந்தது. டோர்பென் கன்னத்தைச் சொறிந்தான்.

அப்போது லிஸ்ஸி என் பக்கம் திரும்பினாள். அவள் கத்தியை எடுத்துப் போனது இதற்காகத்தான்.

"நீதிபதிக்கே தெரியும். அவரு கையிலேயே நடந்திருக்கு."

"என் கையில ஒண்ணும் நடக்கல," என்றேன்.

"கட்டு பிரிச்சது?"

போன ஜனவரியில் பேக்கரி வாசலில் பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டுப் போட்டார்கள். பிரிக்கிற நாளில் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் கையில் வட்ட ரம்பத்தோடு வந்தாள். மின்சார ரம்பம். அது சுற்றாது, இங்குமங்கும் அதிரும், கட்டைத்தான் வெட்டும், தோலை வெட்டாது என்றாள். அதையே பிடித்துக்கொண்டாள் லிஸ்ஸி. மேசைக்கே கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணு பாவம், தன் உள்ளங்கையிலேயே வச்சுக் காட்டுறா. இவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'உன் கையில எதையோ தடவியிருக்க' ன்னாரு."

சிக்னெ கேக்கை வாயில் வைத்தபடி சிரித்துப் புரையேறினாள்.

"அப்புறம்?" என்றான் ரூனே.

"அப்புறம் என்ன, கத்தரிக்கோலு கேட்டாரு. ரெண்டு பேரு மாத்தி மாத்தி வெட்டினாங்க. எங்களுக்கு அப்புறம் வந்த சின்னப் பையன் ரம்பத்தாலயே கட்டு பிரிச்சுக்கிட்டு லாலிபாப் வாங்கிட்டுப் போயிட்டான். நாங்க இன்னும் உக்காந்திருந்தோம்."

"கத்தரிக்கோலால வெட்டினாலும் கட்டு பிரிஞ்சுதுல்ல," என்றேன்.

"கேள்வி அது இல்ல எகோன். அந்த ரம்பம் உன் தோலை வெட்டியிருக்குமா, வெட்டியிருக்காதா? வெட்டாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஸோரா பிழைச்சுக்குவா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தைதான். ஆனால் நான் நம்பாததை நான் சொல்வதில்லை. ரம்பம் என்றால் பல் இருக்கிறது. பல் எதற்கு இருக்கிறது? மாவுக்கட்டைப் பார்த்தால் கடி, தோலைப் பார்த்தால் சும்மா இரு என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

"வெட்டும்," என்றேன்.

லிஸ்ஸியின் முகம் விழுந்தது. ரூனே அட்டைக்குப் பின்னால் பெருமூச்சு விட்டான்.

"பொறுங்க," என்றான் டோர்பென். அவனுக்கு ஒரு குணம், தான் சொன்னதே ஜெயித்தாலும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டான். "கார்ல என் அதிர் ரம்பம் இருக்கு. குளியலறை ஓடு பெயர்க்க வாங்கினது. அதே மாதிரிதான், சுத்தாது, அதிரும். எகோன், சமையலறைல தோலு ஏதாவது இருக்கா?"

"அது ராத்திரிச் சாப்பாடு."

"ஒரு ஓரம் போதும்."

"ஓரமும் சாப்பாடுதான்."

லிஸ்ஸி எழுந்து போய்த் தட்டோடு தூக்கிவந்துவிட்டாள். அரை மேசையைக் காலிசெய்தார்கள். கப்பல் வரைபடம், பகடை, காப்பி எல்லாம் ஒரு பக்கம் போனது. நடுவில் என் பன்றி, வெள்ளையாக, கீறாமல். சிக்னெ அதற்கு ஒரு கைத்துடைப்பானைக் கழுத்துப்பட்டிபோலச் சுற்றி, "கேப்டன் ஸோரா," என்றாள். லிஸ்ஸிகூடச் சிரித்துவிட்டாள்.

டோர்பென் கருவியைக் கொண்டுவந்தான். பிடியில் மூன்று பச்சை விளக்கு எரிந்தது. "முழு சார்ஜ்," என்று எனக்குக் காட்டினான், நான் கேட்காமலே. முதலில் விறகுக் கூடையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து வைத்தான். ரம்பம் கொசுக் கூட்டம்போல இரைந்தது. கட்டைக்குள் வெண்ணெயில் போவதுபோலப் போனது. தரையெல்லாம் தூள்.

"கவசம்," என்றான். "இப்ப கழுத்து."

தோலின் மேல் வைத்தான். தோல் தடதடவென்று ஆடியது. கொழுப்புக்கூட அலையலையாக ஆடியது. ரம்பத்தை எடுத்தபோது ஒரு மங்கலான கோடு, அவ்வளவுதான். விரலால் தேய்த்தால் போய்விட்டது. சிக்னெ குனிந்து பார்த்தாள், பல்லைப் பார்ப்பதுபோல.

"கீறல் இல்ல."

"ஆ," என்றாள் லிஸ்ஸி. அந்த ஒரு எழுத்திலேயே ஜனவரி முழுவதும் இருந்தது.

டோர்பென் தன் தலையையே தட்டிக்கொண்டான். "நான் தோத்துட்டேன். தோலும் கூடவே ஆடுது, அதான் வெட்டல. ரூனே, ஸோரா பிழைச்சா."

"நீ யாரு தீர்ப்பு சொல்ல?" என்றேன். "நான்தானே கதவுல வந்தவன்."

"கண்ணால பாத்தல்ல?"

"பள்ளிக்கூட வாத்தியாரு சாக்பீஸ் பிடிக்கிற மாதிரி பிடிச்சா எதுதான் வெட்டும்? கொள்ளைக்காரன் அப்படியா வெட்டுவான்? இங்க கொடு."

கருவியை வாங்கினேன். நல்ல கனம். இடது கையால் பன்றியை அமுக்கிப் பிடித்தேன், ஆடவிடாமல். தோள் பலம் முழுவதையும் இறக்கி அழுத்தினேன். ரம்பம் உறுமியது. சத்தம் தடித்தது. தோல் உள்ளே அமுங்கிக்கொண்டே போனது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, இதோ, இன்னும் ஒரு மூச்சு, வெட்டப்போகிறது.

ரம்பம் நின்றது.

பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. பச்சை விளக்கு ஒன்றுகூட இல்லை, ஒரே ஒரு சிவப்பு மட்டும் கண் சிமிட்டியது. பிறகு அதுவும் போனது.

டோர்பென் குனிந்து பிடியைப் பார்த்தான்.

"மூணு விளக்கு எரிஞ்சுது," என்றான் டோர்பென்.

"எரிஞ்சுது. நானும் பாத்தேன்." கருவியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. "ரூனே, அந்தக் கொள்ளைக்காரன் வாளு எதுல ஓடுது?"

"பேட்டரிலதான்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

அவன் புத்தகத்தைப் புரட்டினான். "ஒரு தடவை சார்ஜ் போட்டா ஒரு வருஷம்னு இருக்கு."

"இதை எழுதினவன் ஒரு வருஷம் உக்காந்து பாத்தானா?"

"எகோன், அது கதை."

"சரி, வச்சுக்கோ, ஒரு வருஷம். கடைசியா எப்ப சார்ஜ் போட்டான்?"

ரூனே இன்னும் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினான்.

"வாயால சொல்லாதது நடக்கலைங்கிறது யாரு சட்டம்? என் சட்டமா?" என்றேன். "டோர்பெனோட ஆள் சாக்ஸோட நின்னான்ல. இந்த ஒன்பது வருஷத்துல யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, வாளுக்கு சார்ஜ் போட்டேன்னு இந்த மேசைல சொல்லியிருக்கீங்களா?"

சிக்னெ டோர்பெனைப் பார்த்தாள். டோர்பென் ரூனேயைப் பார்த்தான். ரூனே கூரையைப் பார்த்தான். அவன் நினைவில் ஒன்பது வருஷத்தையும் தேடுவது தெரிந்தது. பூட்ஸ் போட்டார்கள், சொன்னார்கள். சாப்பிட்டார்கள், கதவைப் பூட்டினார்கள், கக்கூஸ் போனதைக்கூட ஒரு தடவை சொன்னார்களாம். சார்ஜ் போட்டதை யாரும் சொல்லவில்லை.

"இன்னைக்கு இருக்கிற பேட்டரிய வச்சு ஆயிரம் வருஷம் கழிச்சு வர்ற வாளை அளக்கக்கூடாது," என்றான் டோர்பென். அவனுக்கு மனசு கேட்கவில்லை. "அப்ப பேட்டரி எவ்வளவோ முன்னேறியிருக்கும்."

"பேட்டரி முன்னேறும். சார்ஜ் போட மறக்கிறவன் முன்னேறமாட்டான்." என் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "தீர்ப்பு. கொள்ளைக்காரன் வாள்ல சார்ஜ் இல்ல. பட்டையை வெட்டினதோட தீந்துபோச்சு. தோலை வெட்டுமா வெட்டாதாங்கிறது எனக்கு வேண்டாத பேச்சு."

ரூனே பென்சிலால் மேசையைத் தட்டினான். "கதவுச் சட்டம். ஒத்துக்கணும்." பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது. எனக்கு அது பிடிக்கவில்லை. "ஆனா சட்டம் எல்லாருக்கும்தானே. ஸோராவோட வாளும் அதே வாள்தான்."

லிஸ்ஸி நிமிர்ந்தாள். "என்னது?"

"சிக்னெயோடதும். டோர்பெனோட ரெண்டு வாளும். கப்பல்ல ஒரு வாள்லகூட சார்ஜ் இல்ல. கொள்ளைக்காரங்க இருபது பேரு நிக்கிறாங்க, அவங்ககிட்டயும் இல்ல. எல்லாரும் கையில ஒரு மீட்டர் இரும்புக் கம்பி வச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"எகோன்," என்றாள் லிஸ்ஸி. "அந்த வாளுக்காக நான் மூணு வருஷம் உழைச்சேன்."

"உயிர் வேணுமா, வாள் வேணுமான்னு நீ கேக்கல. உயிரைத்தான் கேட்ட."

"வெட்டாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டும் கிடைச்சிருக்கும். அந்தப் பொண்ணு சொன்னது சரின்னு ஒத்துக்கிறதுக்குப் பதிலா, பிரபஞ்சத்துல இருக்கிற வாளையெல்லாம் அணைச்சுட்ட."

"நான் அணைக்கல. நீங்கதான் சார்ஜ் போடல."

டோர்பென் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். அழுகிறானோ என்று பார்த்தேன். இல்லை.

ரூனே பகடையை எடுத்தான். "வாள் அதிரல. ஆனா கம்பி வந்த வேகத்துல தோள்ல இறங்குது. லிஸ்ஸி, உருட்டு."

லிஸ்ஸி என்னை முறைத்தபடியே உருட்டினாள். பதினொன்று.

"காறை எலும்பு உடைஞ்சுது," என்றான் ரூனே. "உயிருக்கு ஒண்ணும் இல்ல. கப்பல் டாக்டர் தோள்லேர்ந்து விரல்வரைக்கும் மாவுக்கட்டு போட்டுட்டாரு. இன்னொரு கையில கம்பி இருக்கு. என்ன பண்ற?"

"அடிக்கிறேன்," என்றாள் லிஸ்ஸி. "மண்டையில." பகடையை அவள் குலுக்கிய விதத்திலேயே பாட்டுக்குழுப் பேச்சு ஹோர்சென்ஸைவிட்டே போய்விட்டது என்று தெரிந்தது.

நான் பன்றித் தட்டைத் தூக்கிக்கொண்டேன். கைத்துடைப்பானைக் கழற்றி மேசையில் போட்டேன். கதவருகே போனபோது பின்னாலிருந்து லிஸ்ஸி குரலை உயர்த்தினாள், ரூனேயிடம் பேசுவதுபோல.

"ரூனே, எழுதி வச்சுக்கோ. ஆறு வாரம் கழிச்சு அந்தக் கட்டை எதால வெட்டறோம்னு இப்பவே சொல்லிடறேன். ரம்பத்தால. ரம்பத்துக்கு நேத்தே சார்ஜ் போட்டாச்சு. சொல்லியாச்சு, நடந்தாச்சு."

"ஸோரா அலறுவாளா?" என்றாள் சிக்னெ.

"அவ ஏன் அலறப்போறா? அவ என்ன எகோனா?"

"கப்பல்ல கத்தரிக்கோலு இருக்கான்னு கேட்டு வச்சுக்கோ," என்றேன், திரும்பாமல்.

சமையலறையில் தட்டை வைத்து, தோலில் கத்தியை வைத்தேன். இழுத்தேன். சத்தமில்லை, விளக்கில்லை. கொழுப்புவரை போய் நின்றது. அடுத்த கோடு. நான் அமுக்கிய இடத்துக்கு வந்தபோது வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மங்கலாக ஒரு கோடு இருந்தது. விரலால் தேய்த்தேன். முழுக்கப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடி பக்கத்தில் இல்லை.

உப்பைத் தேய்த்து அடுப்புக்குள் தள்ளினேன். உருளைக்கிழங்குத் தோல் வாளியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். டோர்பென் கருவியை எங்கோ சொருகி சார்ஜ் போட்டிருக்கவேண்டும். சாப்பாட்டு அறையில் அது மறுபடியும் இரைந்தது, நாலு பேரும் சிரித்தார்கள். "எகோன், வந்து பாரு, மூணு விளக்கு," என்று டோர்பென் கத்தினான்.

இன்னும் ஒரு மூச்சு அழுத்தியிருந்தால் வெட்டியிருக்கும். நான் வாளியோடு தோட்டத்துக்கு நடந்தேன்.